பந்தை விட்டது ஜான்ஸ்டன், ஆனா 21ஆவது இடத்துல அவரை எடுத்தது யாரு?

2023 நவம்பர் 19, கிரீன் பே ஊர்ல இருக்கற லாம்போ ஃபீல்டு, அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். பேக்கர்ஸ் 23, சார்ஜர்ஸ் 20, மேட்ச் முடியற நேரம். சார்ஜர்ஸ் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் நீளமா ஒரு பந்து எறியறாரு, அந்தப் பக்கம் குவென்டின் ஜான்ஸ்டன் தன்னைக் காவல் காத்த ஆளை முந்திக்கிட்டு ஓடிட்டாரு, பந்து எங்க வரணுமோ அங்கதான் வந்துச்சு, ரெண்டு கைலயும் பட்டுச்சு, கீழ விழுந்துச்சு. பிடிச்சிருந்தா குறைஞ்சது ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட்) அடிச்சு மேட்சை சமன் பண்ணியிருக்கலாம், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா ஜெயிச்சே இருக்கலாம். தோத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரியில இருந்தே அந்தப் பையன் பேரு "பஸ்ட்" ஆயிடுச்சு, அதாவது வீணாப்போன டிராஃப்ட் பிக் (டிராஃப்ட்ன்னா காலேஜ் பசங்களை டீமுங்க வரிசையா ஒவ்வொருத்தரா எடுக்கறது). அப்போ வயசு 22, ப்ரோவா ஆடின முதல் சீசன் பாதிதான் முடிஞ்சிருந்துச்சு.

அந்தத் திட்டெல்லாம் நியாயமானதா? என்னைக் கேட்டா பாதி நியாயம், மீதி பாதி தப்பான வீட்டு வாசல்ல போய் நின்னு போட்ட சத்தம். ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு ஒரு ரிசீவரோட வேலை என்னன்னு முதல்ல பாத்துடணும், ஏன்னா டிவியில பாக்கறப்போ "பந்து கைல பட்டுச்சு, பிடிக்க வேண்டியதுதானே"ன்னுதான் யாருக்கும் தோணும்.

இது கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். குவார்ட்டர்பேக் பந்தை எறிவாரு, வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்கணும். சும்மா ஓடக்கூடாது, ஒவ்வொரு பிளேக்கும் "ரூட்"னு ஒரு பாதை இருக்கு, இத்தனை அடி நேரா போ, இங்க உள்ள வெட்டு, அங்க நின்னு திரும்புன்னு. எதிர்ல கார்னர்பேக்குன்னு ஒருத்தர் முதல் அடி வைக்கறப்பவே நெஞ்சுல கை வெச்சுத் தள்ளுவாரு, பின்னாடி சேஃப்டின்னு இன்னொருத்தர் அடிச்சுத் தூக்கறதுக்கே ஓடி வருவாரு. ப்ரோ லெவல்ல ரிசீவர் திரும்பறதுக்கு முன்னாடியே பந்து கைய விட்டுக் கிளம்பிடும், திரும்பிப் பாக்கறப்போ பந்து மூஞ்சிக்கு நேரா இருக்கும். கிரிக்கெட்ல பவுண்டரி லைன்ல பின்னாடி ஓடிக்கிட்டே தோளுக்கு மேல வர கேட்சைப் பிடிக்கற ஃபீல்டரை நினைச்சுக்கங்க, கூடவே ஒருத்தன் சட்டையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே ஓடி வரான்னும் சேத்துக்கங்க, கிட்டத்தட்ட அதுதான்.

இதுல பந்து பிடிக்கறதுலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கையால பிடிக்கறது, நெஞ்சுக்கு மேல வந்தா ரெண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து முக்கோணம் மாதிரி, இடுப்புக்குக் கீழ வந்தா சுண்டுவிரலும் சுண்டுவிரலும் சேந்த மாதிரி, உடம்பை விட்டுத் தள்ளி பந்தைப் போய் எடுக்கறது. இன்னொண்ணு பந்தை நெஞ்சு வரைக்கும் வரவிட்டு அணைச்சுப் பிடிக்கறது. ரெண்டாவது பாக்க பத்திரமா தெரியும், ஆனா அந்தக் கடைசி ஒரு அடி தூரத்துலதான் கார்னர்பேக் கை உள்ள வரும், இல்லன்னா தோள்பட்டைக் கவசத்துல பட்டு பந்து துள்ளிப் போகும். ஜான்ஸ்டனோட பெரிய பலவீனம் இதுதான், அதிலயும் முக்கியம் என்னன்னா இது என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட ப்ரோ லீக்) வந்த பிறகு கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. டிசியு காலேஜ்ல ஆடினப்பவே ஸ்கவுட்டுங்க, அதாவது டீமுக்காக ஆளை எடை போடறவங்க, எல்லாரும் எழுதி வெச்சிருந்தாங்க: பையன் வேகம், உயரம், பந்தைப் பிடிச்ச பிறகு ஓடறது சூப்பர், ஆனா உடம்பால பிடிக்கறான், லட்டு மாதிரி வர பந்தையும் சில நேரம் விட்டுடறான். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

காலேஜ்ல அவர் என்ன பண்ணினாருன்னும் சொல்லணும், இல்லன்னா ஏன் முதல் ரவுண்டுல எடுத்தாங்கன்னு புரியாது. 2022 சீசன்ல 60 கேட்ச், 1,069 யார்ட் (பந்தைப் பிடிச்சு முன்னேறின தூரம், ஒரு யார்ட் மூணு அடி). டிசியு யாரும் எதிர்பாக்காம நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் போச்சு, அதுக்கு முந்தின ஃபியஸ்டா பவுல்ங்கற செமிஃபைனல்ல மிச்சிகனை 51-45ன்னு ஜெயிச்சப்போ இவர் மட்டும் 163 யார்ட், அதுல ஒரு குட்டி பாஸை வாங்கிட்டு 76 யார்ட் ஓடி ஒரு டச்டவுன் (பந்தோட கடைசிக் கோட்டைத் தாண்டினா கிடைக்கற 6 பாயின்ட்). அந்த ஓட்டத்தைப் பாத்த யாருக்கும் இந்தப் பையன் மேல ஆசை வராம இருக்காது. அடுத்த மேட்ச் ஃபைனல், ஜார்ஜியாகிட்ட 65-7ன்னு நொறுங்கிட்டாங்க, இவருக்கு ஒரே ஒரு கேட்ச், 3 யார்ட். ஒரு மேட்ச்ல வானத்துல, அடுத்த மேட்ச்ல ஆளே காணோம். இன்னைக்கு வரைக்கும் அவரோட ஆட்டத்தைப் பத்தி யாராவது ஒரே வரியில கேட்டா நான் அந்த ரெண்டு மேட்சைத்தான் காட்டுவேன்.

இப்போ சார்ஜர்ஸ் ரசிகர்களோட நிலைமை. 2023 ஜனவரி 14, ப்ளேஆஃப், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிரா 27-0ன்னு முன்னால இருந்து 31-30ன்னு தோத்தாங்க. அந்த மேட்ச்ல அவங்க பெரிய ரிசீவர் மைக் வில்லியம்ஸ் ஆடல, அதுக்கு முந்தின வாரம் ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணும் மாறாத ஒரு மேட்ச்ல இறக்கிவிட்டு முதுகுல அடிபட வெச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி 2017ல டீமையே சான் டியேகோல இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, பல வருஷமா கூட இருந்த ரசிகர்களை அப்படியே விட்டுட்டு. இத்தனை காயத்தோட இருக்கறவங்க ஹெர்பர்ட் மாதிரி ஒரு கை கிடைச்சிருக்கே, இவனுக்கு ஒரு வேகமான ரிசீவரைக் கொடுங்கடான்னு கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

2023 ஏப்ரல் டிராஃப்ட்ல 20ல இருந்து 23 வரைக்கும் வரிசையா நாலு பிக்கும் ரிசீவர்தான். 20 சியாட்டில், ஜாக்சன் ஸ்மித்-நிஜிக்பா. 21 சார்ஜர்ஸ், ஜான்ஸ்டன். 22 பால்டிமோர், ஜே ஃப்ளவர்ஸ். 23 மினசோட்டா, ஜார்டன் ஆடிசன். முதல் சீசன் முடிஞ்சப்போ ஆடிசன் 911 யார்ட் 10 டச்டவுன், ஃப்ளவர்ஸ் 858 யார்ட், ஸ்மித்-நிஜிக்பா 628 யார்ட், ஜான்ஸ்டன் 38 கேட்ச், 431 யார்ட், 2 டச்டவுன். இந்தக் கணக்குதான் அவரைக் கொன்னுச்சு. லாம்போ ஃபீல்டுல விட்ட அந்த ஒரு பந்து வெறும் திரி, வெடிமருந்து இதுதான். ஏன்னா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பக்கத்து வரிசைல இருந்த ரெண்டு பேரு டச்டவுன் போடறதைப் பாக்கறப்போ "இவனை எடுத்திருக்கலாமே, அவனை எடுத்திருக்கலாமே"ன்னு மனசு போகாம இருக்காது, நானும் அப்படித்தான் பாத்தேன்.

ஆனா கொஞ்சம் நின்னு யோசிங்க, ஜான்ஸ்டன் தன்னைத்தானே 21ஆவதா எடுத்துக்கல. எடுத்தவர் ஜெனரல் மேனேஜர் டாம் டெலெஸ்கோ, ஹெட் கோச் பிராண்டன் ஸ்டேலி. கையில பந்து நிக்காதுன்னு எல்லா ஸ்கவுட் ரிப்போர்ட்லயும் இருந்ததைப் படிச்சுட்டுத்தான் எடுத்தாங்க, அவங்க கணக்கு என்னன்னா மைக் வில்லியம்ஸும் கீனன் ஆலனும் இருக்காங்க, பையன் மூணாவது ஆளா மெதுவா கத்துக்கட்டும்னு. சரியான கணக்குதான், மூணாவது வாரம் வரைக்கும். மினசோட்டா மேட்ச்ல வில்லியம்ஸுக்கு முழங்கால்ல ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்சுது, சீசன் முடிஞ்சுது. அப்புறம் இன்னொரு ரிசீவர் ஜோஷ் பாமரும் அடிபட்டாரு. ஒரு வருஷம் கத்துக்கணும்னு கொண்டுவந்த பையன், உடம்பால பிடிக்கற பழக்கத்தையே இன்னும் மாத்தாத பையன், திடீர்னு ரெண்டாவது ரிசீவர். டிசம்பர்ல ஹெர்பர்ட்டுக்கே விரல் உடைஞ்சு அவரும் போயிட்டாரு, பேக்கப் ஈஸ்டன் ஸ்டிக் வந்தாரு, அதே வாரம் லாஸ் வேகாஸ்ல ரெய்டர்ஸ்கிட்ட 63-21ன்னு தோத்தாங்க, மறுநாளே ஸ்டேலியையும் டெலெஸ்கோவையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சீசன் 5-12. அந்தச் சீசன்ல அந்த டீம்ல எது ஒழுங்கா நடந்துச்சு, இந்தப் பையன் மட்டும் ஒழுங்கா இருக்கறதுக்கு?

அந்த கிரீன் பே மேட்சையே எடுத்துக்கங்க. பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ஜார்டன் லவ் அன்னைக்கு 322 யார்ட் எறிஞ்சாரு, அவர் கரியர்ல முதல் தடவையா 300 தாண்டினது அந்த மேட்ச்லதான். ஸ்டேலி டிஃபென்ஸ் கோச்னு பேர் வாங்கி வந்தவர், அந்த டிஃபென்ஸ்தான் அன்னைக்கு ஆட்டத்தைக் கைய விட்டுச்சு. ஆனா டிஃபென்ஸ் தப்பு பதினோரு பேருக்குள்ள பங்காகி எங்கயோ கரைஞ்சு போயிடும், யார் கவர் பண்ணாம விட்டாங்கன்னு டிவி பாக்கற நமக்குத் தெரியவே தெரியாது. ரிசீவர் தப்பு ஸ்லோ மோஷன்ல, தனியா, மூஞ்சி க்ளோஸப்போட வரும். ரசிகர்கள் திட்டறது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிஞ்ச தப்பைத்தான், பெரிய தப்பை இல்ல.

"முதல் ரவுண்டு சம்பளம் வாங்கறான்ல"ன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். 2011ல வந்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ரூக்கி, அதாவது முதல் வருஷ ஆட்டக்காரர், சம்பளம் கிட்டத்தட்ட பிக் நம்பரை வெச்சே முடிவாகிடுது, பேரம் பேச ஒண்ணும் பெருசா இல்ல. 21ஆவது இடத்துல எடுத்தா 21ஆவது இடத்து சம்பளம். அந்த விலைப்பட்டியை ஒட்டினது டீம், ஒட்டப்பட்டவர் இவர். அந்த விலை ஜாஸ்தின்னு கத்தணும்னா ஒட்டினவங்களைப் பாத்துக் கத்தறதுதான் சரி.

ஆனா இதை வெச்சு பையனை முழுசா விடுதலை பண்ணிடவும் கூடாது, அது அவருக்கே மரியாதை இல்ல. பந்து பிடிக்கறது ரிசீவரோட வேலை, அதுல அதிர்ஷ்டம் ரொம்பக் கம்மி. கோச் ப்ளே சரியா கூப்பிட்டாரு, முன்வரிசை ஆளுங்க எதிராளியைத் தடுத்தாங்க, குவார்ட்டர்பேக் சரியா எறிஞ்சாரு, இவரும் ஆளை முந்தினாரு, இவ்வளவும் நடந்த பிறகு விடறதுன்னா பத்து பேரோட உழைப்பை விடறது. ரெண்டாவது சீசன்லயும் அது நடந்துச்சு. 2024 நவம்பர் 25, மண்டே நைட், பால்டிமோர்கூட, எதிர்ல அதே ஜே ஃப்ளவர்ஸ் டீம், ஜான்ஸ்டன் ஒரு கேட்ச்கூட இல்லாம முடிச்சாரு, திறந்து கிடந்த இடத்துல வந்த ஒரு பந்தையும் விட்டாரு, 30-23ன்னு தோத்தாங்க. அந்த ராத்திரி வந்த விமர்சனத்தை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். ரூக்கி இல்ல, புது கோச் ஜிம் ஹார்பா, புது ஜெனரல் மேனேஜர் ஜோ ஹார்டிஸ், புது ரிசீவர் கோச் சஞ்சய் லால், ஒரு முழு ஆஃப்சீசன் வேலை பண்ணியாச்சு, அப்புறமும் விட்டா அது அவரோட பேர்லதான் எழுதப்படும்.

ஆனா அந்த 2024 சீசன் முழுசா எப்படின்னு பாத்தா வேற கதை தெரியுது. 55 கேட்ச், 711 யார்ட், 8 டச்டவுன். ரெண்டாவது வாரமே கரோலினாவுக்கு எதிரா ரெண்டு டச்டவுன். இது எப்படி வந்துச்சுன்னா, ஹார்டிஸ் ரெண்டாவது ரவுண்டுல 34ஆவது பிக்கா லாட் மெக்காங்கியை எடுத்தாரு, அந்தப் பையன் உள்பக்கத்துல சின்னச் சின்ன ரூட் ஓடி 82 கேட்ச், 1,149 யார்ட் பிடிச்சு "டீமோட நம்பர் ஒன்"ங்கற சுமையை ஜான்ஸ்டன் தோள்ல இருந்து இறக்கி வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் ஜான்ஸ்டன்கிட்ட கேட்டது அவரால முடிஞ்சதை மட்டும்தான்: நீளமா ஓடு, குறுக்க ஓடு, ஓட்டத்துலயே பந்தை வாங்கு, வாங்கின பிறகு உன் வேலையைக் காட்டு. வேலை சரியா கொடுத்ததும் பலன் வந்துச்சு.

அதே சீசனோட கடைசி மேட்ச்ல ரெய்டர்ஸுக்கு எதிரா 13 கேட்ச், 186 யார்ட். அடுத்த வாரம் ஹூஸ்டன்ல ப்ளேஆஃப், பூஜ்யம். மெக்காங்கி அன்னைக்கு 197 யார்ட், மீதி ரிசீவர் யாரும் தேறல, ஹெர்பர்ட்டும் 4 இன்டர்செப்ஷன் (எதிர் டீம் கைக்குப் போன பந்து), அந்தச் சீசன் முழுக்கவே 3தான் கொடுத்திருந்தவர். 32-12. மறுபடியும் அதே மிச்சிகன், ஜார்ஜியா கதை. பெரிய டிஃபென்ஸ் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினா இவர் மறைஞ்சு போறாருங்கற விமர்சனம் இருக்கே, அது கேக்க கஷ்டமா இருந்தாலும் உண்மையான ஆட்டத்தைப் பாத்துச் சொல்ற விமர்சனம். அப்படிப்பட்டதைத்தான் ரசிகர்கள் சத்தமா சொல்லணும்.

இளசா இருக்கறப்போ திட்டு வாங்கினவங்க எல்லாரும் எப்படி ஆனாங்கன்னு பாத்தா ஒரே விடை கிடையாது. ஜெர்ரி ரைஸ், இந்த ஆட்டத்தோட எக்காலத்துக்கும் பெரிய ரிசீவர், 22,895 யார்ட். 1985ல ரூக்கியா இருந்தப்போ பந்தை விட்டுவிட்டு சான் பிரான்சிஸ்கோ சொந்த மைதானத்துலயே கூச்சல் வாங்கினவர். டவான்டே ஆடம்ஸ் ரெண்டாவது வருஷம் 2015ல கணுக்கால் வலியோட ஆடி 483 யார்ட், ஒரே ஒரு டச்டவுன், க்ரீன் பே ரசிகர்கள் தூக்கி வெளிய போடுங்கன்னாங்க, அடுத்த வருஷமே 997 யார்ட் 12 டச்டவுன், அப்புறம் பல வருஷம் லீக்லயே முதல் வரிசை.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்ல மட்டும் ரெண்டு பேரு. நெல்சன் அகோலர், 2015ல 20ஆவது பிக், முதல் ரெண்டு வருஷமும் மோசம். 2016 நவம்பர்ல சியாட்டில் மேட்ச்ல தப்பான இடத்துல நின்னு டீம் போட்ட ஒரு டச்டவுனையே கேன்சல் ஆக்கிட்டு, ஒரு சுலபமான பந்தையும் விட்டுட்டு, தன் மனசுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கேன்னு மீடியா முன்னாடி வெளிப்படையா பேசினாரு. கோச் டக் பெடர்சன் அடுத்த மேட்ச்ல உக்கார வெச்சாரு, தண்டனையா இல்ல, தலை தெளியட்டும்னு. அடுத்த வருஷம் உள்பக்க ரிசீவரா மாத்தினாங்க, 768 யார்ட், 8 டச்டவுன், சூப்பர் பவுல்ல, அதாவது லீக் ஃபைனல்ல, பேட்ரியட்ஸுக்கு எதிரா 9 கேட்ச், 84 யார்ட், கோப்பை. அதே டீம் 2020ல 21ஆவதா ஜேலன் ரேகரை எடுத்துச்சு, அடுத்த பிக் மினசோட்டாவுக்குப் போன ஜஸ்டின் ஜெஃபர்சன், அவர் ரூக்கி வருஷமே 1,400 யார்ட். ரேகர் 396. ரெண்டு வருஷம் அந்த ஒப்பீட்டுலயே வறுத்தெடுத்தாங்க, 2022ல டிரேட் பண்ணி அனுப்பினது எங்கன்னா மினசோட்டாவுக்கே. அவர் தேறவே இல்ல. அதனால "பொறுமையா இருங்க, எல்லாரும் டவான்டே ஆடம்ஸ் ஆவாங்க"ன்னு சொல்றவங்களையும் நான் நம்ப மாட்டேன். ரசிகர்கள் திட்டினதால யாரும் தேறினதும் இல்ல, வேலையை மாத்திக் கொடுத்ததாலயும் உழைச்சதாலயும் தேறினாங்க, சிலர் அப்படியும் தேறல.

இன்னொரு வகை இருக்கு, அதை விமர்சனம்னே சொல்ல முடியாது. 2012 ஜனவரியில ஃபார்ட்டி நைனர்ஸ், ஜயன்ட்ஸ் மேட்ச்ல நைனர்ஸோட கைல் வில்லியம்ஸ்ங்கற இளம் ரிசீவர் பன்ட், அதாவது எதிர் டீம் உதைச்சு அனுப்பற பந்து, வாங்கறப்போ ரெண்டு தடவை பந்தைக் கோட்டைவிட்டாரு, சூப்பர் பவுல் வாய்ப்பே போச்சு, அன்னைக்கு ராத்திரி ட்விட்டர்ல கொலை மிரட்டல். 2018 மே மாசம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் விளையாட்டு பெட்டிங் மேல இருந்த தேசிய அளவு தடையை எடுத்த பிறகு மாநிலம் மாநிலமா பெட்டிங் ஆப் வந்துடுச்சு, இப்போ ஒருத்தன் 50 யார்ட் தாண்டலன்னா ரசிகன் மட்டும் இல்ல, அந்த டீம் பேரே சரியா தெரியாத ஒருத்தன் காசு போச்சுன்னு அவனோட அம்மாவை இழுத்துத் திட்டி மெசேஜ் போடறான். இவனுக்கு ஆட்டத்து மேல எந்த உரிமையும் கிடையாது. பல வருஷம் டிக்கெட் வாங்கி மழையில உக்காந்து பாக்கற ரசிகனோட கோபத்தையும் இதையும் ஒரே தட்டுல வைக்கவே கூடாது. அதுக்கு நேர் எதிரா, 2025 ஜனவரியில பஃபலோவுக்கு எதிரா பால்டிமோர் டைட் எண்ட் (தடுக்கவும் செய்வாரு, பந்தும் பிடிப்பாரு) மார்க் ஆண்ட்ரூஸ் மேட்சை சமன் பண்ண வேண்டிய பந்தை விட்டப்போ, ஜெயிச்ச பஃபலோ ரசிகர்களே சர்க்கரை வியாதி உள்ள அவர் ஆதரிக்கற அமைப்புக்கு லட்சம் டாலருக்கும் மேல நன்கொடை கொடுத்தாங்க. ரசிகர்களுக்கு அந்த மனசும் இருக்கு.

2025 செப்டம்பர்ல சாவோ பாலோவுல கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிரா சீசன் முதல் மேட்ச். ஜான்ஸ்டன் 5 கேட்ச், 79 யார்ட், 2 டச்டவுன், சார்ஜர்ஸ் 27-21. அதே ரசிகர்கள் அதே பேரைக் கத்தினாங்க. மூணாவது வருஷத்துல இருந்து அவரை எவ்வளவு வேணாலும் கேள்வி கேக்கலாம், பால்டிமோரையும் ஹூஸ்டனையும் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தலாம், கைல பிடி, உடம்பால பிடிக்காதேன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லலாம். ஃப்ளவர்ஸையும் ஆடிசனையும் எடுத்திருக்கலாமேங்கற கேள்வியை மட்டும் 2023 டிசம்பர்லயே வேலை போன அந்த ரெண்டு பேர்கிட்ட கேளுங்க.